புகையை நிறுத்த வாய்க்காலை அடைக்க வேண்டும்

எங்கள் புளோக்கில் மூன்று வீடு தள்ளி இருக்கும் மாமா ஒருவருக்கு ஒரு பழக்கம். தாழ்வாரத்தில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தும் பிடிப்பார், முடிந்ததும் துண்டை மல்லிகைத் தொட்டியில் குத்திவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு ராத்திரி அப்படிக் குத்தியது மறுநாள் காலை வரை அணையவில்லை. தீ என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, மண்ணின் மேல் சின்னதாக ஒரு கறுப்பு ஓட்டை, அதிலிருந்து நூல் மாதிரிப் புகை, அவ்வளவுதான். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து அடித்தட்டில் தேங்கியது. அரை மணி நேரத்தில் மறுபடி புகை. "தண்ணிதான் ஊத்திட்டேனே தம்பி, இன்னும் என்னப்பா இது?" என்றார். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்த்து, வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்த பிறகுதான் அடங்கியது.

தொட்டி மண் என்று பை பையாக வாங்குகிறோமே, அதில் மண் கொஞ்சம்தான். பெரும்பகுதி பீட், இல்லையென்றால் தென்னை நார்த்தூள். சதுப்பில் விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் முழுதாக மக்க முடியாமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து சேர்ந்த பழுப்புக் குவியல்தான் பீட். நிலக்கரி ஆவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தோனேசியாவில் சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் கலிமந்தானிலும் இது ஆறுகளுக்கு நடுவே மேடு கட்டி, சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழமாகக் கிடக்கிறது. மாமாவின் மல்லிகைத் தொட்டியில் நடந்ததுதான் அங்கே நிலம் நிலமாக நடக்கிறது, அந்தப் புகைதான் ஆகஸ்ட், செப்டம்பரில் சிங்கப்பூரில் நம் ஜன்னலுக்கு வருகிறது.

2013 ஜூன் 21 நண்பகலில் காற்று மாசைக் காட்டும் மூன்று மணி நேர பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. முகக்கவசம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியது, மூங்கில் கழியில் காய்ந்த துணியை மறுபடி துவைத்தது, எதிர் புளோக் மங்கலான நிழலாகத் தெரிந்தது எல்லாம் அந்த வாரம்தான். 2015 இன்னும் நீளம். வாரக்கணக்கில் இழுத்து, செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றையும் மூடும் அளவுக்குப் போனது. அந்த வருடம் இந்தோனேசியாவில் எரிந்தது ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் என்றும், அந்த நாட்டுக்கு ஆன சேதம் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்றும் உலக வங்கி கணக்குச் சொன்னது. எரிந்ததில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் பீட் நிலம். ஆனால் புகையில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது.

ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஊரில் உமி எரிவதைப் பார்த்திருந்தால் போதும், ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. வைக்கோல் போர் பற்றினால் படபடவென்று எரிந்து ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிவிடும், புகை மேலே போய்விடும். உமி அப்படி இல்லை. சுடர் விடாது, உள்ளுக்குள்ளேயே கனன்று கனன்று நாள் கணக்கில் போகும், காற்று குறைவாகக் கிடைப்பதால் அரைகுறையாக எரிந்து புகையாகக் கக்கும். பீட் தீ இந்த ஜாதி. நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் நகரும், நத்தை கூட முந்திவிடும், ஆனால் நிற்காது. தன் உலர்ந்த எடைக்குச் சமமான தண்ணீர் உள்ளே இருக்கும்போதே கனன்று பரவக்கூடியது. வேரைத் தின்றுவிடுவதால் மேலே பச்சையாக நிற்கும் மரம் திடீரென்று சாயும். புகை சூடு இல்லாமல் வருவதால் உயரப் போகாமல் தரையோடு படர்ந்து, தென்மேற்குக் காற்று கிடைத்தால் நேராக நம் பக்கம் வரும்.

மாமா ஊற்றிய தண்ணீர் வழிந்து ஓடியதற்கும் காரணம் உண்டு. பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, மெழுகு பூசிய மாதிரி ஒதுக்கிவிடும். 2015 அக்டோபரில் சிங்கப்பூர் தன் சினூக் ஹெலிகாப்டரையும் குடிமைத் தற்காப்புப் படை வீரர்களையும் தெற்கு சுமத்ராவுக்கு அனுப்பியது. நல்ல காரியம், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மேலிருந்து ஒரு வாளி கொட்டினால் மேல்பரப்பில் ஓடும் சுடர் அடங்கும், அடியில் கனல்வதற்குத் தெரியவே தெரியாது. பீட் தீயை உண்மையில் அணைப்பது நிலத்தடி நீர் மறுபடி ஏறுவதுதான், அதாவது பெருமழைக் காலம்.

சரி, சதுப்பு நிலம் எரிகிறது என்பதே ஒரு வினோதம் இல்லையா? இயல்பான நிலையில் பீட்டின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது எரிய வேண்டுமானால் முதலில் யாராவது வடித்திருக்க வேண்டும். வடித்தார்கள். பெரிய உதாரணம் மத்திய கலிமந்தானில் 1995இல் சுகார்த்தோ அறிவித்த பெரும் நெல் திட்டம். பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை வயலாக்கப்போகிறோம் என்று 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. வாய்க்கால் மட்டும் வேலையைச் சரியாகச் செய்தது, இரவும் பகலும் சதுப்பை வடித்துக்கொண்டே இருந்தது. இரண்டே வருடத்தில், 1997இல், எல் நினோ வறட்சி வந்தபோது அந்தப் பிரதேசம் அடுப்பாகிவிட்டது. திட்டத்தை 1999இல் கைவிட்டார்கள், வாய்க்கால்கள் அப்படியே கிடந்தன. நெல் திட்டத்துக்கு வெளியே பாமாயில் எடுக்கும் செம்பனைக்கும் காகிதக் கூழுக்கான அக்கேசியாவுக்கும் வெட்டியவை வேறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தடவை புகை வரும்போதும் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் அதைச் சொல்கிறார்: "அமெரிக்காவில் விஞ்ஞானிகளே சொல்லியாச்சு, தீயை ஒரேயடியாகத் தடுக்கக் கூடாது, அப்பப்போ கொளுத்திவிடணும்." பாதி உண்மை. 1910இல் மேற்கு அமெரிக்காவில் பெரிய காட்டுத்தீ வந்து 30 லட்சம் ஏக்கர் எரிந்தபின் அவர்கள் எல்லாத் தீயையும் அணைப்பது என்று இறங்கினார்கள், 1935இல் எந்தத் தீயைக் கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். தடித்த பட்டையுள்ள பொண்டரோசா பைன் காடு சில வருடங்களுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சிறுதீயில் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் காடு. அதை நிறுத்தியதும் சருகும் இளமரமும் அடர்ந்து, பிற்பாடு வந்த தீ உச்சி வரை ஏறியது. அதனால் அங்கே கட்டுப்படுத்திய எரிப்பு மறுபடி வந்தது. வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாண்டில் பூர்வகுடிகள் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே புல்லைத் துண்டு துண்டாகக் கொளுத்திவிடுவதால் கடைசி மாதங்களில் பெருந்தீ குறைகிறது. இந்தியாவிலும் உண்டு: கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், முன்பு தை, மாசியிலேயே சருகை மெதுவாக எரித்துவிடுவோம், அதை வனத்துறை தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடிக்கொண்டது என்கிறார்கள்.

இந்த மூன்று இடத்திலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. காடோ புல்வெளியோ ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் பருவத்துக்குப் பழகியது, தரை கனிம மண், தீ மேலே ஓடி முடிந்துவிடும். மழைக்காட்டில் இது எதுவும் இல்லை. நம் பக்கத்து மழைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது, முழங்கால் உயரத் தீ நின்று எரிந்தாலே பல மரங்கள் செத்துவிடும். செத்த மரம் விழுந்து கூரையில் ஓட்டை, ஓட்டை வழியாக வெயில், வெயிலில் காய்ந்த சருகு, அடுத்த வறட்சியில் முன்னைவிட மோசமான தீ. பைன் காட்டுக்குத் தீ துடைப்பம் என்றால் இங்கே அது கரையான். பீட்டில் கேட்கவே வேண்டாம், அங்கே தரையே எரிபொருள். கொளுத்திவிட்டு வீட்டுக்கு வர முடியாது.

இதைச் சொல்லும்போது மலைச்சாரலில் நெல்லும் தினையும் விதைக்கும் குடியானவர்களையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. புனம் எரித்து விதைப்பது நம் முன்னோரும் செய்ததுதான். இந்தோனேசியாவின் 2009ஆம் வருடச் சுற்றுச்சூழல் சட்டமே ஒரு குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை, சுற்றிலும் தீத்தடுப்புப் பட்டை வெட்டி, உள்ளூர்ப் பயிர் வைக்க எரிக்கலாம் என்று இடம் கொடுத்திருந்தது. கனிம மண்ணில் அந்தத் தீ சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அதே குடியானவர் வடித்துப்போட்ட பீட்டின் ஓரத்தில் அதே கவனத்தோடு கொளுத்தினாலும் மாதக்கணக்கில் எரியும். 2015க்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே தடை என்று கெடுபிடி வந்ததில் அடிபட்டவர்களில் இந்தச் சின்ன ஆட்களும் உண்டு. நிலத்தைப் பார்க்காமல் தீயை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் பீட்டில் என்னதான் செய்வது? தண்ணீர்மட்டத்தை ஏற்றுவது. ஆய்வாளர்கள் பல வருட அளவீட்டை வைத்துப் பார்த்ததில், நிலத்தடி நீர் தரைக்கு 40 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தீ அபாயம் வேகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். அதுவரை நீர் கீழிருந்து திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி ஏறி மேல்பரப்பை ஈரமாக வைத்திருக்கும், அதற்குக் கீழே போனால் திரி அறுந்துவிடும். இந்த எண் அப்படியே சட்டத்துக்குள் போனது. இந்தோனேசியாவின் 2014ஆம் வருடத்து 71ஆம் அரசாணை, பயிர் செய்யும் பீட் நிலத்தில் நீர்மட்டம் 0.4 மீட்டரைவிடக் கீழே இருந்தால் அந்த நிலம் கெட்டுப்போனது என்று வரையறுக்கிறது, 2016இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் எண் தோட்ட மேலாளரின் கையில் அளவுகோலாக மாறியது என்பது சின்ன விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்து தீ அறிவியல் நில நிர்வாகத்துக்குள் நேராக நுழைந்த இடங்களில் இது முக்கியமானது.

நுழைந்ததும் சண்டையும் வந்தது. செம்பனைக்கும் அக்கேசியாவுக்கும் வேர் மூச்சுவிட இடம் வேண்டும், நீர்மட்டம் அதிகமாக ஏறினால் விளைச்சல் குறையும். எந்த இடத்தில் குழாய் நட்டு அளப்பது, சராசரியா ஒவ்வொரு புள்ளியுமா, வறண்ட மாதத்திலும் இதே அளவா என்று கேள்விகள். கம்பெனி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றை அவர்கள் மறைக்க முடியாது: வடித்த பீட் தானே அமுங்குகிறது. சுமத்ராவில் அளந்ததில் முதல் ஐந்து வருடத்தில் 1.4 மீட்டர் போலவும், அதற்குப் பிறகு வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் போலவும் நிலம் இறங்கியது. வேர் வெளியே தெரிய, தூக்கம் வந்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும் செம்பனை மரங்களை அங்கே பார்க்கலாம். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் நிலம் ஆற்றுமட்டத்துக்கு வந்துவிடும், பிறகு வடிக்கவும் முடியாது. புகை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தோட்டத்துக்கே ஆயுள் முடிந்தது.

வாய்க்காலை அடைப்பது கேட்க எளிது. இரண்டு வரிசை மரக்கட்டைகளை அடித்து நடுவில் மண்மூட்டை அடுக்கினால் அணை. ஆனால் பீட் பஞ்சு மாதிரி, ஒரே அணையில் நீரை உயரமாகத் தேக்கினால் பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் படிக்கட்டு மாதிரி வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டம் இறங்கும்படி கட்ட வேண்டும். நம் ஊரில் ஒரு ஏரி நிரம்பி அடுத்ததற்குப் போகிற ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல் யாரும் முதலில் யோசிக்காதது. அந்த வாய்க்கால்தான் ஊர்க்காரர்களுக்குச் சாலை, அதில்தான் படகு போகும், மீன் பிடிப்பார்கள். நடுவில் சுவர் எழுப்பினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துவிடுவார்கள், பிரித்தார்கள். பிறகுதான் அணையின் நடுவில் தாழ்வாக ஒரு பகுதி விட்டு, கூடுதல் நீர் வழியவும் சின்னப் படகை இழுத்துக் கடக்கவும் வழி செய்தார்கள். குளம் வெட்டினால் கலிங்கு வைக்காமல் விடுவோமா? அந்தக் கலிங்குதான். 2016 ஜனவரியில் இந்தோனேசியா 20 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் சீரமைப்பதாகச் சொல்லித் தனி அமைப்பு ஒன்றை நிறுவியபோது மூன்றைச் சேர்த்தே சொன்னது: மறுபடி நனைப்பது, மறுபடி மரம் வைப்பது, அங்கே இருப்பவர்களின் பிழைப்பை நிமிர்த்துவது. மூன்றாவது இல்லாமல் முதலாவது நிற்காது என்பதை உடைந்த அணைகள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஈரத்திலேயே வளரும் சவ்வரிசிப் பனையும் ஜெலுத்தோங் மரமும் வைக்கச் சொல்கிறார்கள், செம்பனை கொடுக்கும் பணத்தை அவை கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர்ச் சட்டமும் இருக்கிறது. 2014இல் வந்த எல்லை கடந்த புகைமூட்டச் சட்டப்படி, வெளிநாட்டில் எரித்து இங்கே புகை வரவைத்த நிறுவனத்துக்கு ஒரு நாளுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம். இருப்பது நல்லதுதான். ஆனால் அபராதம் எரிந்த பிறகு வரும் பேச்சு.

எரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது, அதைத்தான் நம்மில் பலர் பார்ப்பதில்லை. கனடாக்காரர்கள் தங்கள் காட்டுக்குச் செய்த தீ அபாயக் கணக்கை எடுத்துத் தென்கிழக்கு ஆசியாவுக்குத் தக்கபடி மாற்றி, மலேசிய வானிலைத் துறை தினமும் வரைபடமாகப் போடுகிறது. அதில் ஒரு குறியீடு மேலே கிடக்கும் மெல்லிய சருகின் ஈரம். ஒரு மத்தியான வெயிலில் ஏறி ஒரு மழையில் இறங்கிவிடும், புல்லில் தீ பிடிக்குமா என்று அது சொல்லும். இன்னொன்று வறட்சிக் குறியீடு, ஆழத்து மட்கின் ஈரம். அதற்கு ஞாபக சக்தி அதிகம், ஏறக்குறைய 50 நாள் கணக்கை மனதில் வைத்திருக்கும். புகைமூட்டத்தை முன்கூட்டிச் சொல்வது இதுதான். நாம் பிஎஸ்ஐ செயலியைத்தான் மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம், அது நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வது. செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளையும் அப்படியே நம்பிவிட முடியாது, மேகம் மறைக்கும், அடர்ந்த புகையே மறைக்கும், தரைக்கு அடியில் கனல்வது சூடு குறைவாகத் தெரியும். புள்ளி குறைந்ததால் தீ குறைந்தது என்று நினைத்து ஏமாந்த நாட்கள் உண்டு.

அப்புறம் நம் ஊர். சிங்கப்பூரிலும் காடு எரியுமா என்று கேட்பவர்கள் 2014ஐ மறந்திருப்பார்கள். வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் தீவில் அந்த ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் ஒரே வறட்சி, பிப்ரவரி முழுவதும் சாங்கி நிலையத்தில் பதிவானது 0.2 மில்லிமீட்டர். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருந்த காலி நிலம் ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. தீயணைப்பாளர்கள் வந்து அணைத்துவிட்டுப் போனார்கள், மறுநாள் அதே இடத்தில் புகைந்தது, மறுபடி வந்து மண்வெட்டியால் கிளறிக் கிளறி நனைத்தார்கள். எரிந்தது மரம் இல்லை, லாலான் புல்லும் ரெசாம் பெரணியும்.

இந்த இரண்டும் நம் நிலத்தின் பழைய கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் கேம்பியர் செடிக்கும் மிளகுக்கும் காட்டை வெட்டினார்கள், கேம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகுக்கு மிச்சக் காட்டையும் வெட்டினார்கள், மண் சத்து தீர்ந்ததும் விட்டுவிட்டு நகர்ந்தார்கள். 1883இல் தாவரவியல் பூங்கா கண்காணிப்பாளர் கேன்ட்லி காடுகளைப் பற்றி அறிக்கை எழுதும் நேரத்தில் மிஞ்சியது சொற்பம். விட்டுப்போன இடத்தில் லாலான் ஏறியது. அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், மேலே எரிந்தால் அதற்குக் கொண்டாட்டம், போட்டிச் செடி எல்லாம் செத்து அது மட்டும் பத்து நாளில் தளிர்க்கும். ரெசாம் இன்னொரு மாதிரி. பச்சை மேலே இருக்க, பழைய காய்ந்த மட்டை அடியில் பின்னிப் பின்னி மெத்தை போட்டிருக்கும், விதை விழுந்தாலும் மண்ணைத் தொடாது. இரண்டுக்கும் ஆகாதது நிழல்.

அதனால் இங்கே தீத்தடுப்பு வேலை என்பது பெரும்பாலும் நிழல் உண்டாக்கும் வேலை. தேசியப் பூங்காக் கழகம் 2019இல் தொடங்கிய காடு மீட்புத் திட்டம் பத்து வருடத்தில் இரண்டரை லட்சம் உள்நாட்டு மரமும் புதரும் வைப்பதைக் குறியாக வைத்தது, அதுவும் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புக் காடுகளைச் சுற்றிய இயற்கைப் பூங்காக்களில். ஓரத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. காட்டின் விளிம்புதான் முதலில் காய்கிறது, பக்கவாட்டில் வெயிலும் காற்றும் புகுந்து உள்ளே பல மீட்டர் வரை ஈரத்தை உறிஞ்சும். விளிம்புக்கு வெளியே இன்னொரு பச்சைச் சுவர் இருந்தால் உள்காடு ஈரமாகவே இருக்கும். நீ சூன் நன்னீர்ச் சதுப்புக் காட்டில் நீர் எப்படி நகர்கிறது என்று அளந்து பார்த்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான், தீவில் பெரிய அளவில் மிஞ்சிய நன்னீர்ச் சதுப்புக் காடு அதுதான், பக்கத்தில் ஒரு சாக்கடை தவறாக ஆழப்பட்டால் போதும்.

நான் சில சனிக்கிழமைகளில் மரம் நடப் போகிற இடத்தில் ஒரு சரிவு முழுக்க ரெசாம்தான். முதல் தடவை போனபோது குழி வெட்டி நட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். எங்களைக் கூட்டிப்போனவர் சிரித்தார். முதலில் பெரணி மெத்தையை மண் தெரியும் வரை வெட்டி ஒதுக்கினோம், இடுப்பளவு வந்தது, அடியில் இருந்தது காகிதம் மாதிரி மொரமொரவென்று நொறுங்கியது. வெட்டியதை ஓரமாகக் குவிக்காமல் மெல்லிசாகப் பரப்பச் சொன்னார், குவித்தால் அது இன்னொரு அடுப்பு. வேகமாக நிழல் கட்டும் மகாங் மரத்தையும் சிம்போ ஆயரையும் முதலில் வைத்து, நடுநடுவே மெதுவாக வளரும் காட்டு மரங்களை வைத்தோம். இப்போது மகாங் என் தோளுக்கு மேல் இருக்கிறது, மற்றவை முழங்கால் தாண்டவில்லை. பக்கத்திலிருந்து ரெசாம் மறுபடி ஊர்ந்து வருகிறது. வரும் பிப்ரவரிக்குள் இரண்டு தடவையாவது வெட்ட வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார், கையுறை கொண்டு வரச் சொன்னார், மட்டை கீறிவிடுமாம்.